வேப்பரைசர் ஸ்டெம்: ஆவி எங்கே குளிர்கிறது, காற்று எங்கே தடைபடுகிறது

உலர்ந்த மூலிகையைக் கருக்காமல் சூடாக்கி அதன் மணப்பொருள்களை மட்டும் ஆவியாக்கித் தரும் வேப்பரைசரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு முதலில் இரண்டு தொல்லைகள் வரும். ஆவி தொண்டையைச் சுடும். அல்லது எவ்வளவு இழுத்தாலும் காற்று வராமல் கன்னம் வலிக்கும். முதல் தொல்லைக்கு நீளமான ஸ்டெம், இரண்டாவதற்கு அகலமான ஸ்டெம் என்று பலரும் யோசிக்காமல் மருந்து சொல்லிவிடுவார்கள். அது பாதிதான் சரி. சூட்டறைக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கும் ஸ்டெம் என்ற அந்தச் சிறு குழாய்க்குள் வெப்பம் வெளியேறும் வழி வேறு, காற்று தடைபடும் வழி வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் புதிய ஸ்டெம் வாங்காமலேயே பெரும்பாலான தொல்லைகள் தீர்ந்துவிடும்; தீராதவற்றுக்கு எதை வாங்குவது என்பதும் தெளிவாகும்.

லாவெண்டர், கெமோமில், யூகலிப்டஸ் இலை போன்ற உலர் மூலிகைகளுக்கான கருவிகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன். நிகோடின் திரவத்தைச் சூடாக்கும் மின்சிகரெட்டுகளுக்கு இது பொருந்தாது. நீங்கள் பயன்படுத்தப் போகும் மூலிகைக்கும் கருவிக்கும் உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா முதலிய மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. ஆவி குளிர்ந்துவிட்டதால் அது நுரையீரலுக்குத் தீங்கற்றதாகிவிடாது. தொண்டையின் உறுத்தல் குறையும், அவ்வளவுதான்.

குழாய்க்குள் நடப்பது

சூட்டறையை 190 டிகிரி செல்சியஸில் வைத்து, 10 வினாடி நேரம் நிதானமாக 1 லிட்டர் காற்றை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிராம்தான். அதை 190 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் வினாடிக்குச் சுமார் 17 ஜூல் வெப்பத்தை வழியில் எங்காவது இறக்கியாக வேண்டும். மூலிகையே கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அதைத் தாண்டி வரும் காற்று உண்மையில் 190 டிகிரியை விடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், கணக்குக்கு இது போதும். வெப்பம் இறங்க மூன்றே வழிகள்தாம் உள்ளன: குழாயின் சுவருக்குப் போகலாம், குளிர்ந்த வெளிக்காற்றோடு கலந்து தணியலாம், அல்லது தண்ணீருக்குப் போகலாம். சந்தையில் உள்ள ஸ்டெம் வடிவங்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றையோ ஒன்றுக்கு மேற்பட்டவற்றையோ பயன்படுத்துபவைதாம்.

சுவருக்கு வெப்பம் போவது நாம் நினைப்பதைவிட மெதுவாக நடக்கும். 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் மேற்சொன்ன வேகத்தில் காற்று வினாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது. ஓட்டம் கலங்குமா கலங்காதா என்பதைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் இங்கே ஏறத்தாழ 700. குழாய்களில் ஓட்டம் கலங்கத் தொடங்குவது 2300-ஐ ஒட்டித்தான் என்பதால், நம் ஸ்டெம்முக்குள் காற்று கலங்காமல் அடுக்கடுக்காகவே நகர்கிறது. ஆற்றில் கரையோர நீர் தேங்கி நிற்க, நடு நீர் விரைந்து போவதைப் போலத்தான் இதுவும்: சுவரை ஒட்டிய காற்று குளிர்ந்து மெதுவாக ஊர்கிறது, நடுவே ஓடும் சூடான காற்று சுவரைத் தொடாமலேயே வாய்க்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

இதிலிருந்து, புதியவர்களுக்கு வியப்பளிக்கும் ஒரு முடிவு கிடைக்கிறது. அடுக்கு ஓட்டத்தில் குழாயைக் குறுக்கினால் காற்றுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் சுவரின் பரப்பும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், ஒரே நீளமுள்ள குறுகிய குழாயும் அகலமான குழாயும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குளிர்விக்கின்றன. குறுகிய ஸ்டெம்மில் ஆவி குளிர்ச்சியாக வருவதாகச் சிலர் சொல்வதற்குக் காரணம், அதில் வேகமாக இழுக்க முடியாமல் போவதுதான். மெதுவாக இழுத்திருந்தால் அகலமான ஸ்டெம்மிலும் அதே குளிர்ச்சி கிடைத்திருக்கும்.

தடையின் கதை வேறு. அடுக்கு ஓட்டத்தில் இழுவைத் தடை உள்விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு (விட்டத்தை நான்கு முறை பெருக்கிய அளவுக்கு) எதிர் விகிதத்தில் மாறும். 8 மி.மீ. குழாயை 4 மி.மீ. ஆக்கினால் தடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, 16 மடங்காகிறது. நீளத்தை இரட்டித்தாலோ தடை இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே குளிர்ச்சி வேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டுவது மலிவான பேரம். விட்டத்தைக் குறைப்பது நட்டம் மட்டுமே.

முதல் படி: இருப்பதைச் சோதியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், தடை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். கருவி ஆறியிருக்கும்போது ஸ்டெம்மை மட்டும் கழற்றி வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். பிறகு அதில் சல்லடை வலையைப் பொருத்தி இழுங்கள். அடுத்து வெற்றுக் கருவியில் மாட்டி இழுங்கள். கடைசியாக மூலிகை போட்டு இழுங்கள். தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடிக்கொண்டே போவதால், எந்தக் கட்டத்தில் இழுவை திடீரென இறுகுகிறதோ அங்கேதான் தொல்லை இருக்கிறது. 8 மி.மீ. உள்விட்டமுள்ள வெற்றுக் கண்ணாடி ஸ்டெம்மில் தடை பெயருக்குத்தான் இருக்கும். ஆகவே அத்தகைய ஸ்டெம் வைத்திருப்பவர் காற்று வரவில்லை என்றால் பெரும்பாலும் வலை அடைத்திருக்கிறது, அல்லது மூலிகை மாவாக அரைக்கப்பட்டு இறுக்கித் திணிக்கப்பட்டிருக்கிறது. கொரகொரப்பாக அரைத்துத் தளர்வாக நிரப்பினாலே அது சரியாகிவிடும்.

அடுத்தது கசிவுச் சோதனை. கருவியில் காற்று நுழையும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு மெல்ல இழுங்கள். ஸ்டெம்மில் பக்கத்துளை இருந்தால் அதையும் மூடிக்கொள்ளுங்கள். காற்று வராமல் வாயில் உறிஞ்சல் நிற்க வேண்டும். அப்படியும் காற்று வருகிறதென்றால் ஸ்டெம்முக்கும் கருவிக்கும் நடுவே எங்கோ இடைவெளி இருக்கிறது. இதைப் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை, ஏனென்றால் கசிவு உள்ள ஸ்டெம் சொகுசாக இருக்கும்: இழுக்க எளிது, ஆவியும் குளிர்ச்சி. மூலிகையைத் தொடாமலேயே வெளிக்காற்று உள்ளே வந்துவிடுவதால் மணம் மட்டும் மெலிந்திருக்கும். அதைச் சரிசெய்யச் சூட்டை ஏற்றுவார்கள், மூலிகை கருகத் தொடங்கும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங் தேய்ந்திருக்கிறதா, உரசிப் பொருந்தும் கண்ணாடி இணைப்பில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இணைப்புகள் 14, 18 மி.மீ. என்று பெயர் பெற்றவை, 10 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்ற சரிவில் குறுகுபவை. மெல்ல அழுத்திச் சிறிது திருப்பினால் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் கண்டால் ஸ்டெம்மும் கருவியும் வேறு வேறு அளவு என்று பொருள்; நாடா சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், சூட்டில் அது என்ன வாயுவை விடும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, விரல் சோதனை. ஐந்தாறு முறை இழுத்தபின் ஸ்டெம்மை வாய்ப்பக்கத்திலிருந்து சூட்டறைப் பக்கம் நோக்கி விரல் நுனியால் தடவிக்கொண்டு போங்கள். சுடும் இடம் நெருங்கும்போது கையை எடுத்துவிடுங்கள். கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் நல்ல நீளமுள்ள கண்ணாடி ஸ்டெம்மில் கடைசி இரண்டு மூன்று செ.மீ. மட்டும் சூடாகவும் வாய்ப்பக்கம் அறைச் சூட்டிலும் இருக்கும். வாய்ப்பக்கம் வரை சூடாகிவிட்டால், அந்த ஸ்டெம்மால் இனி வெப்பத்தை வாங்கிக்கொள்ள முடியாது, அது ஆற வேண்டும் என்று அறியலாம்.

இரண்டாம் படி: இழுப்பை மாற்றுங்கள்

இதற்குச் செலவு இல்லை என்பதாலேயே பலரும் இதை ஒரு தீர்வாகக் கருதுவதில்லை. 10 செ.மீ. நீளமுள்ள நேரான ஸ்டெம்மில், மேலே சொன்னபடி நிமிடத்துக்கு 6 லிட்டர் வேகத்தில் இழுத்தால், காற்றுக்கும் சுவருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் குறையும். வேகத்தைப் பாதியாக்கி 3 லிட்டருக்குக் கொண்டுவந்தால் அதே குழாயில் ஏறக்குறைய பாதி குறையும். அதாவது மெதுவாக இழுப்பவருக்கு, ஸ்டெம்மை இரட்டிப்பு நீளமாக்கியதற்கு நிகரான பலன் கையோடு கிடைத்துவிடுகிறது.

வேகமாக இழுப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. வலை, கூர்மையான வளைவு, சிறு துளை ஆகிய இடங்களில் தடை, வேகத்தின் இருமடிக்கு நெருக்கமாக ஏறும். இரண்டு மடங்கு வேகமாக இழுக்க அங்கே கிட்டத்தட்ட நான்கு மடங்கு உறிஞ்சல் தேவைப்படும். காற்று வரவில்லையே என்று மேலும் பலமாக இழுப்பவர் தன் கன்னத்தைத்தான் வருத்திக்கொள்கிறார். முதலில் கன்னத்தால் மெல்ல இழுத்து வாயை நிரப்பி, ஒரு நொடி நிறுத்தி, பிறகு மூக்கு வழியே சாதாரணக் காற்றோடு சேர்த்து உள்ளிழுத்துப் பாருங்கள். வாயே ஒரு குளிர்விப்பானாகிவிடும். நேராக நுரையீரலுக்கு இழுப்பவர்களுக்கு இந்த இடைநிறுத்தம் இல்லை. அவர்களுக்குத்தான் நீளமான ஸ்டெம்மின் தேவை அதிகம்.

மூன்றாம் படி: நீளம், எடை, பொருள்

இழுப்பை மாற்றியும் சுடுகிறதென்றால் நீளத்துக்குப் போகலாம். கனடாவின் அரைசர் நிறுவனத்தின் சோலோ, ஏர் போன்ற கருவிகளில் மூலிகைக் கிண்ணமே கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அமைந்திருக்கும். இவ்வகைக் கருவிகளுக்கு வெவ்வேறு நீளங்களில் ஸ்டெம்கள் கிடைப்பதால் நீளத்தின் விளைவை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. 7 செ.மீ. ஸ்டெம் சட்டைப் பைக்கு வசதி, 11 செ.மீ. தொண்டைக்கு வசதி, 16 செ.மீ. வீட்டில் உட்கார்ந்து பயன்படுத்துபவருக்கு. அதற்கு மேல் நீளத்தைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெப்பநிலை வேறுபாடு குறையக் குறையக் கூடுதல் செ.மீ. ஒவ்வொன்றும் தரும் குளிர்ச்சி தேய்ந்துகொண்டே போகும், ஆவியோ சுவரில் படிந்துகொண்டே போகும். நீண்ட கண்ணாடி, நெம்புகோல் போல் இணைப்பில் அழுத்தி உடைந்துபோகும் வாய்ப்பும் கூடும்.

பொருளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் கண்ணாடியா உலோகமா என்று மட்டும் கேட்கிறார்கள், எடையைக் கேட்பதில்லை. சுவர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அதன் எடையும் தன்வெப்பமும் சேர்ந்துதான். போரோசிலிகேட் கண்ணாடி ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி ஏறச் சுமார் 0.83 ஜூலும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 0.5 ஜூலும், டைட்டானியம் சுமார் 0.52 ஜூலும் வாங்கிக்கொள்ளும். 20 கிராம் கண்ணாடி ஸ்டெம் ஒரு டிகிரி ஏற 16 ஜூலுக்கு மேல் தேவை. 10 கிராம் மெல்லிய எஃகுக் குழாய்க்கு 5 ஜூலே போதும். 10 வினாடி இழுப்பு ஒவ்வொன்றும் அந்தக் கண்ணாடி ஸ்டெம்மைச் சராசரியாக 4 டிகிரி அளவுக்கு ஏற்றிவிடும், அதுவும் சூட்டறைப் பக்கமே அதிகம் ஏறும். எஃகுக் குழாயோ மூன்று மடங்கு வேகத்தில் ஏறும். முதல் இரண்டு இழுப்புகள் இதமாக இருந்து பிறகு சுடத் தொடங்கும் ஸ்டெம்களின் இரகசியம் இதுதான். கனமான ஸ்டெம்முக்கு மாறலாம், அல்லது இழுப்புகளுக்கு இடையே அரை நிமிடம் விடலாம். கைவசம் இரண்டு ஸ்டெம்கள் இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் நல்ல வழி.

உலோகத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. எஃகு கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், சூட்டறைப் பக்கச் சூட்டை வாய்ப்பக்கத்துக்கு நடத்திக்கொண்டு வந்துவிடும். ஆவி சுடுகிறது என்று புதியவர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மையில் உதடு சுடுவதுதான், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உதடு சுட்டால் ஸ்டெம்மின் நீளத்தைக் கூட்டுவதை விட, வாய்ப்பக்கத்துக்கு ஒரு சிலிகான் உறையோ மர முனையோ போடுவது நேரான தீர்வு. மரம் உதட்டுக்கு மிக இதமானது. ஆனால் முழுக்க மரத்தாலான குழாயின் உட்சுவர் வெப்பத்தை உள்ளே கடத்தாமல் சட்டெனச் சூடேறி நின்றுவிடும். அதற்குமேல் அது ஆவியிலிருந்து பெரிதாக எதையும் வாங்காது. இதனால்தான் டைனாவேப் போன்ற கருவிகளின் மர ஸ்டெம்களில், உள்ளே ஓர் உலோகக் குழாய் ஓடுகிறது: வெப்பத்தை வாங்குவது உலோகத்தின் வேலை, கையையும் உதட்டையும் காப்பது மரத்தின் வேலை.

நான்காம் படி: தடுப்புகள் தேவையா?

நேரான குழாயில் நடுக்காற்று சுவரைத் தொடாமல் தப்பிவிடுகிறது என்று பார்த்தோம். அதைக் கலக்கிவிடத்தான் குழிகள் அழுத்திய கண்ணாடி, உள்ளே சுருளாக முறுக்கிய தகடு, கண்ணாடி மணிகள் நிரப்பிய அறை, வளைந்து வளைந்து போகும் பாதை ஆகியவை எல்லாம் இருக்கின்றன. ஜெர்மனியின் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கல் நிறுவனம் தன் மைட்டி கருவியின் தலையில் வைத்திருக்கும் குளிர்விப்புப் பகுதியும் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது: ஆவி அதற்குள் பல திருப்பங்களைக் கடந்தே வாய்க்கு வருகிறது. குறுகிய இடத்தில் நிறையக் குளிர்ச்சி வேண்டுமானால் இதைத் தவிர வழி இல்லை.

ஆனால் ஆவி குளிர்வதும் ஆவி படிவதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். யூகலிப்டஸ் இலையின் முதன்மை மணப்பொருளான சினியோல் ஏறக்குறைய 176 டிகிரியிலும், லாவெண்டரின் லினலூல் ஏறக்குறைய 198 டிகிரியிலும் கொதிப்பவை. கொதிநிலை உயர்ந்த பொருள்கள் குளிர்ந்த சுவரைத் தொட்டதும் முதலில் திரவமாகிவிடும். புதிதாகக் கழுவிய கண்ணாடி ஸ்டெம்மை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முதல் இழுப்பில் கிண்ணத்தை அடுத்து ஒரு விரற்கடை தள்ளி மெல்லிய பனிப்படலம் ஒன்று தோன்றும். சில இழுப்புகளில் அது தேன் நிற வளையமாகத் திரளும். கிண்ணத்தை ஒட்டிய பகுதி மிகவும் சூடாக இருப்பதால் அங்கே ஒன்றும் படியாது. அந்த வளையம் இழுப்புக்கு இழுப்பு வாய்ப்பக்கம் நோக்கி நகர்ந்தால், ஸ்டெம் சூடேறிக்கொண்டே வருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தடுப்புகள் உள்ள ஸ்டெம்மில் இந்தப் படிவு குழாய் முழுக்கப் பரவி நடக்கும். தொண்டைக்கு இதமாக இருக்கும், மணம் மட்டும் மெலியும். சுருள் குழாய்கள் பார்க்க அழகு. ஆனால் அவற்றின் உட்புறத்துக்கு எந்தத் தூரிகையும் எட்டாது என்பதால் புதியவர்களுக்கு நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. குழி அழுத்திய கண்ணாடி நடுவழி: கலக்கலும் உண்டு, ஆல்கஹாலில் ஊறப்போட்டால் சுத்தமும் ஆகும். மணி நிரப்பிய ஸ்டெம் வாங்குவதானால் மணிகளின் இருபுறமும் வலை அல்லது குறுகலான கழுத்து இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். 3 மி.மீ. மணி ஒன்று தவறி மூச்சோடு உள்ளே போவது விளையாட்டல்ல.

ஐந்தாம் படி: பக்கத்துளையைப் பழகுங்கள்

சில ஸ்டெம்களின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதை விரலால் மூடியும் திறந்தும் வெளிக்காற்றைக் கலந்துகொள்ளலாம். கணக்கு எளிமையானது: 190 டிகிரி காற்றும் 25 டிகிரி காற்றும் சம எடையில் கலந்தால் கலவை 107 டிகிரிக்கு இறங்கிவிடும். சுவர் வழியே இந்த இறக்கத்தைப் பெற மிக நீண்ட குழாய் தேவைப்படும். தடையும் குறையும், ஏனென்றால் காற்றின் ஒரு பகுதி மூலிகைப் படுகையைத் தாண்டி வர வேண்டியதில்லை. புதிதாக ஸ்டெம் வாங்குபவர் ஒரே ஒரு வசதியைத்தான் கேட்க முடியும் என்றால் நான் இதைக் கேட்கச் சொல்வேன்.

துளையைத் திறந்ததும் மூலிகை வழியே போகும் காற்று குறைகிறது. வெப்பக்காற்றால் சூடேற்றும் கருவியில் மூலிகைக்குச் சேரும் வெப்பமும் கூடவே குறையும். ஆகவே தொடக்கத்தில் துளையை மூடி நான்கைந்து வினாடி இழுத்து, மூலிகை சூடேறி ஆவி வரத் தொடங்கியபின் விரலைச் சற்றே நகர்த்திப் பாதி திறங்கள். முடிவில் முழுதாகத் திறந்துவிட்டால் ஸ்டெம்முக்குள் எஞ்சியிருக்கும் ஆவி குளிர்ந்த காற்றோடு வழித்தெடுக்கப்பட்டு வந்துவிடும். சூட்டறையின் சூடான சுவரைத் தொட்டே மூலிகை சூடேறும் கருவிகளில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே தொடக்கத்திலிருந்தே அரைத் திறப்பில் வைக்கலாம். துளை வாய்க்கு மிக அருகே இருந்தால் கலப்பதற்கு முன்பே காற்று வாய்க்குள் வந்துவிடும். ஒரே இழுப்பில் சூட்டையும் குளிரையும் தனித்தனியே உணர்ந்தால் காரணம் அதுவே. துளைக்கும் வாய்க்கும் நடுவே நான்கு ஐந்து செ.மீ. இருப்பது நல்லது.

ஆறாம் படி: சூடா, வறட்சியா?

தொண்டை அரிக்கிறது என்றால் அது எப்போதும் சூட்டால்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சூட்டறை வழியே வந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. உடல் வெப்பநிலையில் நிறைவுற்ற காற்று லிட்டருக்குச் சுமார் 44 மி.கி. நீராவியைத் தாங்கும், வறண்டு வரும் காற்று அந்தக் குறையைத் தொண்டையிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. ஸ்டெம்மை எத்தனை நீட்டினாலும் இது தீராது. ஆவி கையின் பின்புறத்தில் பட்டால் இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருமல் வருகிறது என்றால் உங்கள் தொல்லை வறட்சிதான். தண்ணீர் குடித்துக்கொண்டே பயன்படுத்துங்கள். அதுவும் போதாதென்றால் 14 மி.மீ. இணைப்புள்ள சிறு நீர்க்குடுவை ஒன்றை ஸ்டெம்மோடு சேர்க்கலாம். குமிழ்களாக உடைந்து நீரைக் கடக்கும் காற்று ஏறக்குறைய நீரின் வெப்பநிலைக்கே வந்துவிடும், ஈரத்தையும் ஏற்றிக்கொள்ளும். நீர் மட்டம் குழாய் முனையை ஒரு செ.மீ. மூழ்கடித்தால் போதும், அதற்கு மேல் ஒவ்வொரு செ.மீ. நீரையும் உங்கள் மூச்சுதான் தள்ளியாக வேண்டும். நீரை ஒவ்வொரு நாளும் கொட்டிவிடுங்கள்.

ஏழாம் படி: கழுவுதல்

நன்றாக வேலை செய்த ஸ்டெம் சில வாரங்களில் கெட்டுப்போனதாகத் தோன்றினால் அது வடிவத்தின் குற்றமல்ல, படிவின் குற்றம். 4 மி.மீ. துளையின் சுவரில் சுற்றிலும் கால் மி.மீ. பிசின் ஏறினால் விட்டம் 3.5 மி.மீ. ஆகிவிடும், நான்காம் அடுக்குக் கணக்குப்படி தடை 70 சதவீதம் கூடிவிடும். அதே படிவு 8 மி.மீ. குழாயில் ஏறினால் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். அகலமான துளையை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடி, எஃகு, டைட்டானியம் ஸ்டெம்களை முழுதாக ஆறவிட்டு, ஓ-ரிங்குகளைக் கழற்றி, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபிரபைல் ஆல்கஹாலில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பிசின் இளகியபின் குழாய்த் தூரிகையால் ஒருமுறை தள்ளி, வெந்நீரில் அலசுங்கள். இந்த ஆல்கஹால் அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். அடுப்போ, லைட்டரோ, சூடான கருவியோ அருகில் இருக்கக் கூடாது. அக்ரிலிக் வாய்ப்பகுதிகள் ஆல்கஹால் பட்டால் நுண்விரிசல் விடும் என்பதால் அவற்றை மிதமான சோப்பு நீரில் மட்டும் கழுவுங்கள். மர ஸ்டெம்மை எதிலும் ஊறப்போடாதீர்கள். உள்குழாயை உருவியெடுத்து அதை மட்டும் ஊறவிட்டு, மரத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். குளிர்ந்த நீரில் அலசிய கண்ணாடியை உடனே சூட்டறையில் சொருகவும் வேண்டாம். போரோசிலிகேட் கண்ணாடி திடீர் வெப்ப மாற்றத்தைச் சாதாரணக் கண்ணாடியைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும், கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் அதுவும் வெடிக்கும்.

ஸ்டெம்மைத் துடைத்து ஒரு நாள் திறந்தவெளியில் உலரவிட்டு, ஆல்கஹால் வாடை முற்றிலும் போனபின் மீண்டும் முதல் படியின் சோதனையைச் செய்யுங்கள். வெற்று ஸ்டெம் தாராளமாக இழுத்து, வலை போட்டதும் மட்டும் இறுகினால் வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணிகளில் வெளிச்சம் திட்டுத்திட்டாகத்தான் வருகிறதென்றால் அதைக் கழுவிப் பயனில்லை, புது வலை போடுங்கள்.